சத்தமில்லாத இறக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து வட்டகொடை பக்கம் மெயின் ரோட்டுக்கு இறங்குகிற பாதை நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் ஏற்றம் என்று சொல்ல ஒரே ஓர் இடம்தான் உண்டு, மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கிற சின்ன மேடு. அதைத் தாண்டிவிட்டால் கீழே பாலம் வரைக்கும் வண்டி தானாகவே ஓடும். ஆட்டோவின் எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, ஹேண்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். எங்கள் ஸ்டாண்டில் இதை 'ஆஃப்ல விடுறது' என்போம். ஆட்டோ ஓட்டிய பன்னிரண்டு வருடத்தில் பாதிக்கு மேல் நான் அப்படித்தான் இறங்கியிருக்கிறேன். ஆஃப்ல விடுவதில் என்னை அடிக்க ஆளில்லை என்ற திமிரும் எனக்கு இருந்தது.

ஆரம்பத்தில் அது விளையாட்டு. யார் பிரேக்கை அதிகம் மிதிக்காமல், எஞ்சினைத் திரும்ப உசுப்பாமல் பாலம் வரைக்கும் போகிறான் என்று பந்தயம் வைப்போம். பிறகு பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. இரண்டு நாள் வரிசையில் நின்று வாங்கிய பெட்ரோலை இறக்கத்தில் எரிப்பவன் மடையன் என்றானது. வண்டியில் ஏறுகிறவர்களும் அதை மெச்சினார்கள். "அண்ணன் பாத்துப் பக்குவமா ஓட்டுறாரு" என்று சொன்ன பெரியவர் ஒருவரை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பக்குவமாம். தட்டுப்பாடு முடிந்து, ஷெட்டில் கேட்ட அளவு பெட்ரோல் அடிக்கக் கிடைத்த பிறகும் என் கை கோயில் மேட்டைத் தாண்டியதும் தானாகச் சாவிக்குப் போனது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். என்னுடையது தொட்டிலில் வந்ததுகூட இல்லை, நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது.

அத்தனை வருடமும் ஒரு விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. எங்கள் ரோட்டில் கொழுந்து சுமக்கிற பெண்கள் காதால்தான் நடக்கிறார்கள். நிறைந்த சாக்கை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு குனிந்து நடக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. பனி இறங்கிவிட்டால் திருப்பியும் பயனில்லை. மேல் வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டதும் கான் ஓரமாக ஒதுங்குவார்கள். கான் என்றால் ரோட்டோரமாகத் தண்ணீர் ஓட வெட்டியிருக்கிற பள்ளம். வண்டி போனதும் மறுபடி ரோட்டுக்கு வருவார்கள். திரும்பிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. நான் பிறந்து வளர்ந்த ரோடு, என் அம்மாவும் அப்படி நடந்த ரோடுதான். இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

எதிர் லயத்து வரிசை வீடுகளில் ஓர் அக்கா இருந்தார். எனக்குச் சொந்தமில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே அக்கா. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள். கொழுந்து எடுப்பதில் பெயர் பெற்றவர் என்று சொல்ல முடியாது, ஆனால் காதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே, "அது தொரை ஜீப்பு இல்ல, பெக்டரி லொறி, கியர் மாத்துற சத்தத்தப் பாரு" என்பார். பார்த்தால் லொறிதான் வரும். ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒங்க வண்டி பின்வீல்ல என்னமோ கீச்சுங்குது, பாத்துக்கங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக் பாஸிடம் காட்டினால், பேரிங் உடையப் போகிற நிலையில் இருந்தது. அன்றைக்கு அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் எங்காவது பள்ளத்தில் கிடந்திருப்பேன்.

அந்த அக்கா மேல்தான் நான் மோதினேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சவாரி யாருமில்லை. பனி திட்டுத்திட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் மேட்டைத் தாண்டி எஞ்சினை நிறுத்தினேன். இரண்டாவது வளைவில் திரும்பும்போது முன்னால் ஒரு பச்சைச் சாக்கு தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன், ஹோர்ன் அடிக்க நினைத்தேன், நினைப்புக்குள்ளேயே வண்டியின் இடதுபக்கம் அவரை இடித்துக் கானுக்குள் தள்ளிவிட்டது. கொழுந்தெல்லாம் ரோட்டில் கொட்டிக் கிடந்தது. அவர் கால் ஒன்று திரும்பக்கூடாத பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. தூக்கி வண்டியில் வைத்தபோதுதான் அவர் யார் என்று முகத்தைப் பார்த்தேன். எஞ்சினை அப்போதுதான் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"தம்பி, எனக்கு ஏன் கேக்கல?"

நான் சொன்னேன், "பனிக்கா. பனியில சத்தம் அமுங்கிப் போயிரும்."

இப்படி ஒரு பொய் என் வாயில் தயாராக இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேலேயே வெறுப்பு வருகிறது. பனியில் எந்தச் சத்தமும் அமுங்கியதில்லை. அது எனக்கும் தெரியும், நல்ல நிலையில் இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் வந்து சிங்களத்தில் விசாரித்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா கட்டிலிலிருந்து, "மட்ட எஹுனே நே மாத்தயா, மகே வெரத்த" என்றார். எனக்குக் கேட்கவில்லை ஐயா, தப்பு என்னுடையது. பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் பேசி முடித்துவிட்டார். நான் ஓடி ஓடி ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனதைப் பார்த்து, தங்கமான பிள்ளை என்று என்னைத்தான் சொன்னார்கள்.

அக்காவைப் பற்றிச் சொன்னது வேறு. "பாவம், அதுக்கு காது போயிருச்சு." லயத்தில், மலையில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், கோயிலில் இதே பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், ஆனால் இந்த வாயை மூட ஒரு மூடி இருந்தது, அது என் கையில்தான் இருந்தது. வண்டி ஆஃப்ல வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இன்றைக்குச் சொல்லலாம், காலில் கட்டு பிரித்ததும் சொல்லலாம், நடக்க ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன்.

பயம் எனக்கு லைசன்சைப் பற்றித்தான் முதலில் இருந்தது. அந்தப் பயம் போன பிறகு வேறு பயம் வந்தது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று. தாமதிக்கத் தாமதிக்க, மோதியதைவிட மறைத்தது பெரிய குற்றமாக வளர்ந்துகொண்டே போனது.

கால் ஓரளவு கூடிய பிறகு அக்கா காதுக்குக் காட்ட வேண்டும் என்றார். யார் வண்டியில் போவார்? என் வண்டியில்தான். ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் அவரை உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கிற நேரம் கையிலிருக்கிற பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். மிஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, தமிழ் தெரியாததால் என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். "சத்தம் கேட்டா அமுக்குங்கக்கா, சின்னச் சத்தமா இருந்தாலும் பரவால்ல" என்றேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நேரம் விரல் அமுக்கப் போகும், பிறகு நின்றுவிடும். சில நேரம் சத்தமே இல்லாதபோது அமுக்கினார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. லொறியின் கியர் சத்தத்தைப் பிரித்துச் சொன்ன பெண், ஒரு 'பீப்' கேட்டதா இல்லையா என்று தெரியாமல் தவித்தார். மிஸி ஏட்டில் எதையோ எழுதிவிட்டு என்னிடம் சிங்களத்தில் சொன்னார், இவர் பயந்துபோய் இருக்கிறார், பயத்தில் அமுக்குகிறார், காதில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை, மூன்று மாதம் கழித்து மனம் தெளிந்த பிறகு வரட்டும்.

அக்கா வெளியே வந்து, "என்ன சொல்றாங்க தம்பி?" என்று கேட்டார்.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்றாங்க" என்றேன்.

மற்றதை முழுங்கிவிட்டேன். காது சரி என்று சொன்னால், அப்படியானால் அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதனால் முழுங்கினேன். "கேட்டுச்சா கேக்கலையான்னே எனக்கு வெளங்கல தம்பி" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று மாதம் கழித்து அவர் போகவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அக்கா மலைக்குத் திரும்பவே இல்லை. கால் நொண்டினாலும் புல்வெட்டு போன்ற லேசான வேலை தருவதாக, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொன்னார். "காது கேக்காதவ அந்த ரோட்டுல எப்படிங்கையா நடப்பேன்" என்று அக்கா தோட்டத்துப் பதிவிலிருந்து தன் பேரை வெட்டச் சொல்லிவிட்டார். ஆனால் குடியிருக்கிற லயக்காம்பரா கையில் நிற்க வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு பேராவது தோட்டத்தில் இருக்க வேண்டும். எழுதி வைத்த சட்டமில்லை, எல்லாருக்கும் தெரிந்த சட்டம். மகள் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஆசிரியராகப் படிக்கிற கல்வியியல் கல்லூரியில் நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவனே நான்தான். அவள் நேர்முகத்துக்குப் போகவில்லை. அம்மாவின் பேர் இருந்த இடத்தில் அவள் பேரைப் பதிந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில், அம்மாவின் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு நான் வண்டியை மலைக்கு மேலே கொண்டுபோய், யாருமில்லாத இடத்தில் நிறுத்தி அழுதேன். அழுதுவிட்டு வந்தேனே தவிர, சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் நான் நல்ல டிரைவர் ஆனேன். எஞ்சினை இறக்கத்தில் நிறுத்துவதில்லை. இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஹோர்ன், பனி என்றால் பட்டப்பகலிலும் லைட். மாதம் ஒருமுறை பிரேக் பார்ப்பேன். முன்னால் யாராவது சாக்கோடு நடந்தால், அவர்கள் ஒதுங்கும் வரைக்கும் பின்னாலேயே ஊர்வேன். ஸ்டாண்டில் கிண்டல் செய்தார்கள், "என்னண்ணே, சாமி தேரா வருது? வடம் புடிக்க ஆள் வேணுமா?" என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நானே எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஊர் அப்படிப் பார்க்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக என் வண்டியைத்தான் தாய்மார் கேட்டார்கள். பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் நான்தான். பள்ளியில் வீதிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச அதிபர் கூப்பிட்டார், பொன்னாடைகூடப் போர்த்தினார். முன் வரிசையில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது குறைவான பேச்சு. பொன்னாடையை வண்டி சீட்டுக்கு அடியில் திணித்தேன்.

இப்படி ஒன்றரை வருடம் போனது.

போன மாசிப் பக்கம் ஒரு நாள், பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். மழைத் தூறலோடு பனி. வளைவில் அக்காவின் மகள் சாக்கோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள், குனிந்த தலையோடு. என் எஞ்சின் சத்தம் கேட்டதும் எனக்கு வழிவிட்டு ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஒதுங்கினாள். அந்த நேரம் அவளுக்குப் பின்னாலிருந்து, அவள் ஒதுங்கிய அதே பக்கத்தில், ஓர் ஆட்டோ வழுக்கிக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. நான் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவில்லை. அவன் ஹேண்டிலை ஒடித்தான், வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அவள் சாக்கின் ஓரம் கிழிந்து கொஞ்சம் கொழுந்து கொட்டியது, அவ்வளவுதான்.

ஓட்டி வந்தவன் எங்கள் ஸ்டாண்டு ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவன். நான் இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"எஞ்சின ஏன்டா நிப்பாட்டுன? சத்தமில்லாம வந்தா சாக்கோட நடக்குறவங்களுக்கு எப்படிடா கேக்கும்?"

 அவன் உள்ளதைச் சொன்னான். "நீங்க பழக்குனதுதானேண்ணே. ஆஃப்ல விடுறதுல ஒங்கள மாதிரி ஆள் இல்லன்னுதானே ஸ்டாண்டே சொல்லும்."

சட்டையை விட்டுவிட்டேன். அவன் வண்டியைத் தள்ளி எடுத்து, எஞ்சினைப் போட்டுக்கொண்டு போனான். அக்காவின் மகள் சாக்கை இறக்கி வைத்து, கொட்டிய கொழுந்தைப் பொறுக்கிப் போட்டாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மாமா, அம்மாவ இடிச்ச அன்னைக்கும் ஒங்க வண்டி ஆஃப்லயா வந்திச்சு?"

படித்த பிள்ளை. எங்கள் இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்ததை எடுத்து என்னிடமே கேட்டாள். பொய் சொல்லலாம் என்று அப்போதும் ஒரு கணம் தோன்றியதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

"ஆமா" என்றேன்.

 அவள் சாக்கைத் தூக்கி முதுகில் போட்டுக் கயிற்றைச் சரி செய்தாள். "மடுவத்துக்கு நேரமாச்சு. அம்மாக்கிட்ட நீங்களே சொல்லுங்க மாமா. நான் சொன்னா அது நம்பாது. ஒங்களத்தான் அது நம்புது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் நேராக எதிர் லயத்துக்குப் போனேன். அக்கா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்த ஒன்றரை வருடத்தில், பேசுகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கப் பழகியிருந்தார். என் வாயையும் அப்படித்தான் பார்த்தார். மெதுவாகவே சொன்னேன். கோயில் மேட்டில் எஞ்சினை நிறுத்தியது, பனியைச் சாக்குச் சொன்னது, மிஸி சொன்னதை முழுங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"திரும்பச் சொல்லுங்க" என்றார்.

"கேக்கலையாக்கா?"

"கேட்டுச்சு. திரும்பச் சொல்லுங்க."

திரும்பச் சொன்னேன். கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "என்னைய ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். "எம் பேர திரும்பப் பதியச் சொல்லணும். புள்ள பேர வெட்டணும். அதப் படிக்க அனுப்பணும்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது, அதற்குள் அந்தக் கல்லூரிக் கடிதம். அதை எடுத்துவர அவருக்குத் தோன்றியிருக்கிறது. கீழே ஆபீசுக்கு இறங்கிய அந்த நாலு கிலோமீட்டரும் எனக்கு நம்பிக்கை இருந்தது. உண்மையைச் சொன்னால் ஏதோ ஒன்று சரியாகும் என்றுதானே நமக்குச் சொல்லித் தருகிறார்கள்.

ஆபீசில் கிளாக்கரையா நல்ல மனுசன். உட்காரச் சொல்லி, ஏட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் பேசினார். "ஏலாதும்மா. நீங்களே எழுதிக் குடுத்து பேர வெட்டிட்டீங்க. இப்ப வயசும் தாண்டிருச்சு. புதுசா பதிய சட்டம் இல்ல. மக பேர வெட்டுனா வீட்டுக்குப் பேரே இல்லாமப் போயிரும், யோசிச்சுக்கங்க." அக்கா பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். "இது போன வருசத்துக் கடிதம்மா. அந்தத் தொகுதிப் புள்ளைங்க உள்ள போயி படிக்கவே ஆரம்பிச்சிருக்கும்" என்றார்.

அக்கா கடிதத்தை மடித்து, பைக்குள் வைத்து, பையை முடிந்தார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வாசல் நிலையைப் பிடித்துத் தானாகவே இறங்கினார்.

திரும்பி வரும்போது மடுவத்தில் அந்தி நிறுவை நடந்துகொண்டிருந்தது. வரிசையில் மகள் நின்றாள், எங்களைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

லயத்தடியில் இறக்கிவிட்டேன். காலைப் பிடித்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை. இப்போது அவருக்கு அது தேவைப்படவில்லை. மலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஊரே ஒங்கள நல்ல டிரைவர்ங்குது. நானும் சொல்லியிருக்கேன். நீங்க நல்ல டிரைவரா ஆகுறதுக்கு நான் செவிடியா இருந்திருக்கேன், தம்பி."